வேன்யா வீட்டு ஆயில் பம்ப்

வண்டி நின்றது உறைந்த ஆற்றின் நட்டநடுவில். கிரீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பின்னால் கட்டியிருந்த சறுக்குப்பெட்டி வந்த வேகத்தில் வண்டியின் முதுகில் இடித்தது. கம்பளிக்கு அடியிலிருந்த ரொட்டிகள் சில பனியில் உருண்டன. ஃபைனா இறங்கி ஸ்டார்ட் செய்யும் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். கயிறு அசையவே இல்லை. இன்ஜின் கல்லாக இறுகிவிட்டிருந்தது.

நாங்கள் சுட்ட ரொட்டிதான் அது. நான் ஸரூச்யே ஊர் ரொட்டிக்கூடத்தில் அடுப்பு பார்க்கிறவள். மெஸென் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் சிற்றூர்களுக்கு ரொட்டி கொண்டுபோவது ஃபைனாவின் வேலை. கோடையில் படகு, ஆறு உறைந்தபின் பனிவண்டி. ரொட்டி ஆறும்வரை அடுப்படியில் உட்கார்ந்து டீ குடித்தபடி அவள் என்னிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்ப்பாள். ஆகையால் நான் சொல்லப்போவதில் பாதி அவள் சொன்னது, மீதி நானே பார்த்தது.

ஃபைனா வீட்டுப் பனிவண்டி பழையது. முன்னால் ஒற்றைச் சறுக்கு, பின்னால் சக்கரத்துக்குப் பதிலாகப் பனியில் உருளும் இரண்டு பட்டைகள். அதன் இன்ஜின் டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றினால்தான் ஒழுங்காக ஓடும். வெறும் பெட்ரோலை ஊற்றினால் கொஞ்ச தூரம் ஜோராக ஓடிவிட்டு, பிஸ்டன் சூடேறி சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். கலந்து வைக்கிற வேலை எப்போதும் அவள் புருஷன் வேன்யாவுடையது. ஊர் மின்நிலையத்தில் டீசல் மெக்கானிக்காக இருந்தவர் அவர். அவள் ஓட்டுவாள், அவர் வண்டியைக் கவனிப்பார். அந்த வீட்டில் அது எழுதாத சட்டம்.

செப்டம்பரில் உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தபோது வேன்யாவுக்குப் பக்கவாதம் வந்தது. அர்ஹான்கெல்ஸ்க் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். வலது கை தொங்கியது. பேச்சு வந்தது, ஆனால் வார்த்தைகள் இடம் மாறி வந்தன. பூட்ஸைக் கேட்க நினைத்தால் வாயில் "தட்டு" என்று வரும். உப்பு வேண்டுமென்றால் "ஜன்னல்" என்பார். சொன்னவுடனே தப்பு என்று அவருக்கே தெரிந்துவிடும், முகம் சிவந்துபோகும். கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகும் என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். எது சரியாகும், எப்போது சரியாகும் என்று சொல்லவில்லை.

நடு ஆற்றில் நின்ற வண்டியை வேன்யாவின் தம்பி ரோத்யாதான் ரொட்டியை அக்கரையில் சேர்த்துவிட்டு, தன்னுடைய புதிய வண்டியில் கட்டி இழுத்துவந்தான். கொட்டகையில் வைத்துப் பெட்ரோல் டேங்க்கின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தான். விரலை விட்டு எடுத்துத் தேய்த்தும் பார்த்தான்.

"ஆயில் வாசனையே இல்ல ஃபைனா. சுத்தமான பெட்ரோல்."

"காலைல கேட்டேனே. கலந்தாச்சான்னு கேட்டேன். கலந்தாச்சுன்னு சொன்னான்."

"மறந்திருப்பான்."

வேன்யா கொட்டகை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். "ரொட்டி!" என்றார் கோபமாக. "ரொட்டி, ரொட்டி!"

"ரொட்டியெல்லாம் போய்ச் சேந்துடுச்சு, கவலைப்படாத" என்றாள் ஃபைனா. பிறகு அவர் காதில் விழாதபடி என்று நினைத்துக்கொண்டு ரோத்யா சொன்னான், "இனிமே கேனை அவன் கைல குடுக்காத. மண்டைல எதுவும் நிக்க மாட்டேங்குது. பாவம்." வேன்யாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். அவர் திரும்பி வீட்டுக்குள் போய்க் கதவை அறைந்தார்.

வேன்யா என்றோ வாங்கிக் கொட்டகையில் பதுக்கி வைத்திருந்த மாற்றுப் பிஸ்டனும் சிலிண்டரும் கிடைத்தன. ரோத்யா மாட்டிக் கொடுத்தான். வண்டி ஓடியது. ஆனால் கேனை யார் கலப்பது என்ற கேள்வி அப்படியே நின்றது. ஃபைனா தானே கலந்துவிடலாம் என்று பார்த்தாள். ஒருநாள் கலந்தும் வைத்தாள். அவள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேன்யா கொட்டகைக்குப் போய், இடது கையாலேயே அதே கேனில் இன்னொரு பங்கு ஆயிலை ஊற்றிவிட்டார். அன்று வண்டி இருமிக்கொண்டே போனது. பின்னால் புகை மதில் மாதிரி நின்றது. அக்கரை ஏறுவதற்குள் ஸ்பார்க் பிளக் இரண்டும் கரியேறி அடைத்துக்கொண்டன. மைனஸ் முப்பது டிகிரிக்கும் கீழான குளிரில் கையுறையைக் கழற்றி, பிளக்கைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி துடைத்து...

"நீ கலக்காதன்னு அவன்கிட்ட எப்படிச் சொல்றது?" என்று அடுப்படியில் என்னிடம் கேட்டாள். விரல் நுனியெல்லாம் வெளிறிக் கிடந்தது. "அது ஒண்ணுதான் அவனுக்கு மிச்சமிருக்கு. அதையும் பிடுங்கிக்கிட்டா? ஆனா விட்டா ஒருநாள் நான் ஆத்துலயே விறைச்சுப் போவேன்."

வழி காட்டியது ரோத்யா. அவனிடம் மரத்தில் மோதி நசுங்கிய வேறொரு வண்டி கிடந்தது, கொஞ்சம் புதிய மாதிரி. அதில் ஆயிலுக்குத் தனி டேங்க், தனிப் பம்ப். இன்ஜின் சுழலும்போது பம்ப்பும் சுழன்று, ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு திருகுகிறோமோ அவ்வளவு ஆயிலைத் தானாகவே அனுப்பும். பெட்ரோலில் எதையும் கலக்கவே வேண்டாம்.

"அதைக் கழட்டி இதுல மாட்டிடு. மனுஷன் மறப்பான், பம்ப் மறக்காது" என்றான் ரோத்யா. பம்ப்பைக் கழற்றி ஒரு பழைய கம்பளித் தொப்பியில் சுற்றிக் கொண்டுவந்தும் கொடுத்தான். மாட்டித் தர மட்டும் அவனுக்கு நேரமில்லை. நவாகா மீன் ஏறுகிற பருவம். அவன் வலைகளெல்லாம் ஆற்று முகத்துவாரத்தில் பனிக்கடியில் கிடந்தன.

ஃபைனா அதை வேன்யாவிடம் முன்னேற்றம் மாதிரிச் சொன்னாள். புதிய வண்டிகளிலெல்லாம் இப்படித்தான் இருக்கிறது, புகை குறையும், ஆயில் மிச்சமாகும் என்றாள். அவர் பம்ப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது என்றாள் ஃபைனா. பம்ப்பை மேஜையில் வைத்துவிட்டு, "தொப்பி" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவள் தானே ஆரம்பித்தாள். கொட்டகையிலிருந்த இரும்பு அடுப்பை மூட்டி, வண்டியின் மூக்குப் பக்கத்தைத் திறந்து, எதைக் கழற்றுவது என்று தெரியாமல் கையில் பட்டதையெல்லாம் கழற்றினாள். சத்தம் கேட்டுத்தான் வேன்யா வந்தார். கழற்றக்கூடாத ஒரு போல்ட்டில் அவள் ஸ்பேனரை மாட்டியிருந்தாள். அவர் பதறிப்போய் அவள் தோளைப் பிடித்து இழுத்தார்.

"கரண்டி!" என்றார். "கரண்டி, கரண்டி!"

"எந்தக் கரண்டி? ஸ்பேனரா? இதுவா? இதுவா?"

அவர் தலையில் அடித்துக்கொண்டு, தானே குனிந்து பெட்டியிலிருந்து சின்ன ஸ்பேனரை எடுத்து அவள் கையில் திணித்தார். அன்றிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்துதான் வேலை. மூளை அவருடையது, கை அவளுடையது, நடுவில் வாய் மட்டும் யாருடையதும் இல்லை. "பூனையை எடு" என்றால் ஸ்க்ரூடிரைவர். மறுநாள் அதே "பூனை" சுத்தியலாகிவிடும். அவள் ஒவ்வொரு கருவியாக எடுத்துத் தூக்கிக் காட்ட வேண்டும். மூன்றாவது நான்காவது கருவிக்குள் அவர் கத்த ஆரம்பித்துவிடுவார், அவளும் கத்துவாள். பக்கத்து வீட்டில் இருக்கிற எனக்கு இரண்டு கத்தலும் நன்றாகக் கேட்கும். ஒருநாள் ஷங்கி சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். கிழங்கு வைத்துச் சுட்டது, சூடாக. இரண்டு பேரும் இரண்டு மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து தின்றார்கள்.

பெரிய தலைவலி பம்ப்பைச் சுழற்றுவதுதான். அது வேறு இன்ஜினின் பம்ப். இந்த இன்ஜினில் சுழலும் கிராங்க் தண்டின் முனைக்கும் பம்ப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நாக்குக்கும் நடுவில் இரண்டையும் பிணைக்க ஒரு சின்ன இரும்புத் துண்டு வேண்டும். கடையில் கிடைக்காது, கடைந்துதான் ஆகவேண்டும். வேன்யா இடது கையால் சாக்பீஸைப் பிடித்துக் கொட்டகைச் சுவரில் அந்தத் துண்டை வரைந்தார். கோணல்மாணலாக இருந்தாலும் பார்த்தால் புரிந்தது என்றாள் ஃபைனா. எழுத்தும் எண்ணும் மட்டும் அவருக்கு வரவில்லை. சாக்பீஸ் சுவரில் சும்மா அலைந்தது.

"பம்ப்போட நாக்கு இதுக்குள்ள போகணும், சரி. இந்தத் துளை எவ்வளவு அகலம்?"

"எட்டு."

"எட்டு மில்லிமீட்டரா?"

"ஆமா."

"எட்டுதானே? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"ஆமா, ஆமா!" என்று எரிந்து விழுந்தார். அவள் கண் சுவரிலிருந்த படத்திலேயே இருந்தது.

அவள் சுவரைப் பார்த்துக் காகிதத்தில் வரைந்து, எட்டு என்று எழுதிக்கொண்டு, மின்நிலையத்தில் லேத் வைத்திருக்கும் குஸ்மாவிடம் போனாள். குஸ்மா வேன்யாவின் பழைய கூட்டாளி. இன்று நாளை என்று இழுத்தடித்து, ஒருவழியாகக் கடைந்து கொடுத்தான். பளபளவென்று அழகாக இருந்தது. அவள் அதைக் கையுறைக்குள் வைத்துக்கொண்டு ஓடிவந்து பம்ப்பின் நாக்கில் மாட்டினாள்.

தொளதொளவென்று ஆடியது. துளை பெரியது. நாக்கு அதற்குள் சும்மா சுற்றியது.

ஃபைனா பொறுமைசாலி. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அன்று அந்த இரும்புத் துண்டைக் கொட்டகைக் கதவு வழியாக வெளியே பனியில் வீசி எறிந்தாள்.

"எட்டுன்னு நீதானே சொன்ன! எத்தனை தடவை கேட்டேன்? ஆமா ஆமான்னு கத்தினியே! அந்தக் குஸ்மாகிட்ட பல்லைக் காட்டிக்கிட்டு நின்னது நான். தெரியலன்னா தெரியலன்னு சொல்லித் தொலையேன்!"

வேன்யா இடது கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். ஐந்து விரலையும் விரித்தார். மடக்கினார். பிறகு கட்டை விரலை மட்டும் நீட்டினார்.

"எட்டு!" என்று கத்தினார். மறுபடி ஐந்து விரல், மறுபடி ஒரு விரல். "எட்டு! எட்டு!"

"ஆறா?" என்றாள் ஃபைனா.

அவர் தலை மேலும் கீழுமாக ஆடியது, கழுத்தே ஒடிந்துவிடும் போல. வாய், "இல்ல! இல்ல!" என்றது.

ஃபைனா அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "வேன்யா. வெளிய இப்ப வெயிலடிக்குதா?" வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"ஆமா" என்றார் அவர். தலை இல்லை என்று ஆடியது.

சாமான்களின் பேர்தான் மாறுகிறது என்று எல்லோரும் நினைத்திருந்தோம். ஆமாவும் இல்லையும் கூட மாறும் என்று யாருக்குத் தோன்றும்? டாக்டரும் சொல்லவில்லை. அதுவும் எப்போதும் மாறுவதில்லை, பாதி நேரம் சரியாகவே வரும். அதனாலேயே யாருக்கும் பிடிபடவில்லை.

அன்று காலை நடந்தது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. இன்ஜின் இறுகிய அன்று அவள் வீட்டு வாசலில் நின்று கொட்டகைக்குள் இருந்தவரிடம் குரல் கொடுத்தாள், ஆயில் கலந்தாச்சா என்று. "ஆமா" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. முகத்தை அவள் பார்க்கவில்லை. வண்டியைக் கிளப்பிப் புறப்பட்டபோது அவர் தொப்பிகூடப் போடாமல் வெளியே வந்து, காலை இழுத்துக்கொண்டு பனியில் கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடிவந்தார். "ரொட்டி! ரொட்டி!" என்று கத்தினார். ரொட்டிதான் பெட்டி நிறைய இருக்கிறதே என்று அவள் சிரித்துக்கொண்டே கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

"ஆயில்னு சொல்ல வந்தியா?" என்று கேட்டாள். "இன்னும் கலக்கல, போகாதன்னு?"

இத்தனை வாரம் கழித்துப் புரிந்துகொண்டார்களே என்று மனுஷன் அழுவார், கட்டிக்கொள்வார் என்றுதான் ஃபைனா சொல்லக் கேட்டபோது நானும் நினைத்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. வேன்யா கருவிப் பெட்டியை இடது கையால் தூக்கி, அப்படியே தரையில் கவிழ்த்தார். ஸ்பேனர்களும் நட்டுகளும் கொட்டகை முழுக்கச் சிதறின. ரோத்யா "பாவம்" என்று சொன்னதும், கடைக்காரி அவரிடம் குழந்தையிடம் பேசுவது போலப் பேசியதும், நான்கூட ஷங்கித் தட்டை அவர் கையில் கொடுக்காமல் ஃபைனாவின் கையில் கொடுத்ததும், எல்லாம் சேர்ந்த கோபம் அது. ஃபைனாவுக்கும் கோபம்தான். யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு பேரும் மண்டியிட்டு நட்டு பொறுக்கினார்கள்.

பொறுக்கி முடித்ததும் அவள் சொன்னாள், "அப்ப இந்த பம்ப்பே வேண்டாம். மாட்டினதைக் கழட்டிப் போட்டுடறேன். நீயே கலந்து வை. நான் மோந்து பாத்துட்டுப் போறேன்."

வேன்யா எழுந்து பம்ப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தன் வாயைக் காட்டினார், கையை உதறினார். பிறகு இன்ஜினைத் தொட்டுக் காட்டினார். இந்த வாயை நம்பி வண்டி ஓட வேண்டாம் என்பதுதான் அர்த்தம். அதுமட்டுமில்லை, பாதியில் நிற்கிற வேலையை விட்டுவிட அவரால் முடியாது. மெக்கானிக் புத்தி. அளவுக்கருவியை எடுத்து, பம்ப்பின் நாக்கில் வைத்து அளந்து, திருகை இறுக்கி, அதை அப்படியே அவள் கையில் கொடுத்தார். இதைக் கொண்டுபோய் குஸ்மாவிடம் காட்டு, வாயால் எதையும் சொல்லாதே என்கிற மாதிரி.

இரண்டாவது துண்டு கச்சிதமாகப் பொருந்தியது. அதற்கப்புறமும் வேலை சுலபமாக ஓடவில்லை. ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் கார்புரேட்டரும் பம்ப்பும் ஒன்றாக அசைய வேண்டும், அதற்குக் கேபிளை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பிரித்தார்கள். பம்ப்பின் பக்கம் போன கேபிள் திரும்பி வராமல் சிக்கிக்கொண்டது. கழற்றி மாட்டினார்கள், மறுபடி சிக்கியது. ஆயில் டேங்க்குக்கு ஒரு பழைய காரின் கண்ணாடி கழுவும் தண்ணீர் டப்பாவை வைத்தார்கள். அதன் வாய் ஒழுகியது. ஃபைனாவின் விரல்களில் ஆயில் ஏறி, சோப்புப் போட்டும் போகாமல், ரொட்டிக்கூடத்தில் எங்கள் மேஸ்திரி அவளை ரொட்டி தொடவே விடவில்லை. பெட்டியில் அடுக்குவதை நான் செய்தேன். ஆனால் இப்போது அவள் எதைக் கேட்டாலும் அவர் கட்டை விரலைப் பார்த்தாள். மேலே நீட்டினால் ஆமா, கீழே நீட்டினால் இல்லை. வாய் பாட்டுக்கு எதையாவது சொல்லிக்கொண்டிருக்கும்.

சோதனை ஓட்டத்துக்கு ரோத்யாவும் வந்தான். பம்ப்பிலிருந்து இன்ஜினுக்குப் போகிற இரண்டு மெல்லிய டியூப்களும் அவன் கொண்டுவந்தவைதான். அதே பழைய காரிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் டியூப். உள்ளே ஆயில் நகர்வது வெளியே தெரியும் என்று பெருமையாகச் சொன்னான். பம்ப்பின் திருகைத் தளர்த்தி, டியூபிலிருந்த காற்றுக் குமிழெல்லாம் போகிறவரை ஆயிலை ஓடவிட்டார்கள்.

"டேங்க்ல வெறும் பெட்ரோல ஊத்து ஃபைனா" என்றான் ரோத்யா. "இனிமே அந்தக் கலக்குற வேலையே கிடையாது."

"பால்!" என்றார் வேன்யா.

"பால் வேணுமாம். கொஞ்சம் குடுத்து உக்கார வை. குளிர்ல எதுக்கு நிக்கறான்?"

"பால்! பால்!" வேன்யா கேனைக் காலால் உதைத்தார்.

ஃபைனா அவரைப் பார்த்தாள். "பெட்ரோல்லயும் ஆயில் கலக்கணுமா? பம்ப் இருந்தும்?" கட்டை விரல் மேலே நின்றது. "முதல் தடவைக்கு மட்டுமா?" மறுபடி மேலே.

"ரெண்டு பக்கமும் ஆயிலா? புகைஞ்சே சாவும்" என்று ரோத்யா சிரித்தான். "அவன் சொல்றதைப் போய்க் கேக்கறியே. அவனுக்கு என்ன..."

"அவனுக்கு என்ன? சொல்லு ரோத்யா. அவன் இங்கதான் நிக்கறான், அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

ரோத்யா புகையிலையை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தான். ஃபைனா ஆயிலை அளந்து கேனில் ஊற்றி, குலுக்கி, டேங்க்கில் நிரப்பிக்கொண்டு கிளம்பினாள்.

வண்டி புகை கக்கியது உண்மை. நீலப் புகை. ஊர்க் கோடியைத் தாண்டி ஆற்றில் இறங்கி, எதிர்க்கரை மரங்கள் வரை போய்த் திரும்பினாள். திரும்பும்போதுதான் காலடியில் ஏதோ வழவழவென்றது. குனிந்து பார்த்தால் பூட்ஸ் முழுக்க ஆயில். அந்தக் குளிரில் பிளாஸ்டிக் டியூப் எலும்பு மாதிரி விறைத்து, ஒன்று வாயிலிருந்து கழன்றுவிட்டது, இன்னொன்று நடுவில் வெடித்துவிட்டது. பம்ப் அனுப்பிய ஆயில் ஒரு சொட்டுக்கூட இன்ஜினுக்குப் போகவில்லை. எத்தனை தூரமாக அப்படி ஓடிக்கொண்டிருந்ததோ. பெட்ரோலில் கலந்திருந்த ஆயில் மட்டும் இல்லாமல் போயிருந்தால் இன்னொரு பிஸ்டன் போயிருக்கும்.

அவள் கொட்டகைக்கு வந்து இறங்கியபோது தலையிலிருந்து கால்வரை ஆயில் வாடை. வெடித்த டியூபைப் பிடுங்கி ரோத்யாவின் கையில் வைத்தாள். அவன் அதை வளைத்துப் பார்த்தான், பட்டென்று ஒடிந்தது.

"குளிருக்குத் தாங்கும்னு நெனச்சேன்" என்றான்.

வேன்யா தம்பியின் முதுகில் இடது கையால் ஒரு தட்டு தட்டினார். அன்பான தட்டு இல்லை அது, நன்றாகவே விழுந்தது. ரோத்யா வாங்கிக்கொண்டான். அப்புறம் வேன்யாவைப் பார்த்தே கேட்டான், "ரப்பர் டியூப் போட்டா நிக்குமா?" கட்டை விரலைப் பார்க்கிற பழக்கம் அவனுக்கு இன்னும் வரவில்லை. அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதிலிருந்தே ஆமா என்று படித்துக்கொண்டு போனான்.

குளிருக்குத் தாங்கும் ரப்பர் டியூப் அர்ஹான்கெல்ஸ்கிலிருந்து வரவேண்டியிருந்தது. பனிப்புயலில் விமானம் வரவில்லை. வந்தபோது வேறு அளவில் வந்தது. திருப்பி அனுப்பி, மறுபடி வரவழைத்து, அதற்குள் பிப்ரவரி ஆகிவிட்டது. அதுவரை பழையபடி கேன்தான். வேன்யா கலந்தார். ஃபைனா கொட்டகைக்குள்ளேயே போய், அவர் முகத்துக்கு முன்னால் நின்று கேட்டாள், விரலைப் பார்த்தாள், அப்படியும் திருப்தி இல்லாமல் மூடியைத் திறந்து மோந்தாள். அவள் மோந்து பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்ல வார்த்தையும் இல்லை. அந்த வீட்டில் அந்த மாதங்களில் கதவுகள் நிறைய அறைபட்டன.

டியூப் மாட்டிய பிறகு பம்ப் ஒழுங்காக ஓடியது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பழுப்பு நிறம், இருக்க வேண்டிய நிறம். சில வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒருநாள் ஃபைனா வேன்யாவைப் பின்னால் உட்காரவைத்து அக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். செப்டம்பருக்கு அப்புறம் அவர் ஆற்றைத் தாண்டியது அன்றுதான். ரொட்டியெல்லாம் கொடுத்தாயிற்று. அங்கே எல்லோரும் வேன்யாவிடம் செவிடனிடம் பேசுகிற மாதிரி உரக்கப் பேசினார்கள். திரும்பி வரும்போது இரண்டு பேருக்கும் மனசு சரியில்லை.

கரையிலிருந்து ஆற்றில் இறங்கும் சரிவில் பட்டென்று ஒரு சத்தம். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, வண்டி மட்டும் நின்றுவிட்டது. ஃபைனா இன்ஜினை அணைத்துவிட்டு அதன் மேல்மூடியைத் திறந்தாள். இன்ஜினையும் பட்டைகளையும் இணைக்கிற பெல்ட் நார் நாராகக் கிழிந்து கிடந்தது. ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அவள் அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டாள். "முடியல" என்றாள். "என்னால முடியல. இந்த வண்டியைக் கொளுத்திப் போடு."

வேன்யா இறங்கி, காலை இழுத்துக்கொண்டு வந்து, கிழிந்த பெல்ட்டைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

"நாசமாப் போன பெல்ட்டே, உன்னைச் செஞ்சவன் வீட்ல எலி புகுந்து அவன் கோவணத்தைத் தின்னட்டும்!"

ஒரு வார்த்தை மாறவில்லை. ஒரு எழுத்து தடுக்கவில்லை. செப்டம்பருக்கு முன்னால் மின்நிலையத்தில் நின்று கத்துகிற அதே வேன்யா. ஃபைனா ஆவென்று பார்த்தாள். அவருக்கும் ஆச்சரியம்தான், கையை வாயில் வைத்துக்கொண்டார்.

"வேன்யா! இன்னொரு தடவை சொல்லு."

அவர் முயன்றார். உதடு அசைந்தது. "நாச..." என்று ஆரம்பித்து, "...ஜன்னல்" என்று முடிந்தது. மறுபடி முயன்றார். "தட்டு." கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை. ஒன்றும் வரவில்லை. எரிச்சலில் பனியைக் காலால் எத்தினார்.

"சரி விடு" என்றாள் ஃபைனா. எழுந்து முழங்காலில் ஒட்டியிருந்த பனியைத் தட்டினாள். இருக்கைக்கு அடியிலிருந்து மாற்று பெல்ட்டை எடுத்தாள். அது குளிரில் விறைத்துக் கிடந்ததால், கோட்டுக்குள் வயிற்றோடு வைத்துச் சூடாக்கினாள். வேன்யா நல்ல கையால் பெல்ட் ஓடும் சக்கரத்தை அகட்டிப் பிடித்துக்கொண்டார், அவள் பெல்ட்டை உள்ளே நுழைத்தாள். முதல் தடவை நழுவியது. இரண்டாவது தடவையும் நழுவி அவள் விரலைக் கடித்தது. அவள் திட்டினாள், அவர் திட்ட முயன்றார். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் பெல்ட் அதன் இடத்தில் உட்கார்ந்ததும் அவள் கயிற்றை இழுத்தாள், வண்டி கிளம்பியது.